காலியாக விட்ட கட்டம்

அவருடைய கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். முழுப் பென்சில் அல்ல. விரல் நீளத்துக்குத் தேய்ந்தது, ஒரு முனையில் பல் பட்ட தடம் உள்ளது. அவர் பி.எட். வகுப்பில் சேர்ந்த அன்று என் நாட்குறிப்பில் இப்படி எழுதியிருக்கிறேன்: "புதிய மாணவி, வயது முப்பத்தெட்டு, கொண்டையில் பென்சில். சொல்ல வேண்டும்." எடுக்கச் சொல்ல வேண்டும் என்று பொருள். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் புடவை மடிப்புக்கும் செருப்புக்கும்கூட விதி உண்டு. நான் அங்கே விரிவுரையாளர். விதிகளைக் கவனிப்பது என் பொறுப்பில் இருந்தது. ஆனால் கடைசிவரை அதைச் சொல்லவில்லை. அந்தப் பென்சில் எதற்கு என்று முதலில் தெரிந்துகொள்ள நினைத்தேன்.

அவர் ஆசிரியர் ஆவதற்காக எங்களிடம் வரவில்லை. ஏற்கெனவே ஆசிரியராகத்தான் இருந்தார். கே.கே. நகரில் ஒரு சிறிய தனியார் பள்ளியில் ஒன்பது வருடம் அறிவியல் நடத்தியவர். பட்டம் இருந்தது, பி.எட். இல்லை. இனிமேல் பி.எட். இல்லாதவர்களை வைத்துக்கொள்ள முடியாது என்று பள்ளி சொல்லிவிட்டது. "முடிச்சுட்டு வாங்க, உங்க இடம் உங்களுக்குத்தான்" என்று தாளாளர் வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார். கணவருக்குத் தில்லை நகரில் ஒரு மருந்துக்கடையில் வேலை. பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்கள். சான்றிதழ் கிடைத்தால்தான் வேலை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வகுப்பில் மற்றவர்களுக்கெல்லாம் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது. அவர்கள் அவரை அக்கா என்று கூப்பிட்டார்கள். இரண்டாம் ஆண்டில் ஒரு பட்டப்பெயரும் வைத்துவிட்டார்கள். அது எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டுமானால் எங்கள் பதிவேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இரண்டாம் ஆண்டில் பயிற்சி மாணவர்கள் பதினாறு வாரம் ஒரு பள்ளியில் பாடம் நடத்த வேண்டும். நாற்பது பாடங்களுக்கு நாற்பது பாடக்குறிப்புகள், அவை சேர்ந்ததுதான் பதிவேடு. ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு கட்டங்கள் இருக்கும். இடப்பக்கம் ஆசிரியர் என்ன செய்வார் என்பது. வலப்பக்கம் மாணவர்கள் என்ன செய்வார்கள் என்பது. இரண்டையும் முதல் நாளே எழுதி என்னிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அதாவது நாளைக்குப் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்பதை இன்றைக்கே எழுத வேண்டும். "மாணவர்கள் உற்று நோக்குகின்றனர்." "மாணவர்கள் ஆர்வத்துடன் விடையளிக்கின்றனர்." இந்த இரண்டு வாக்கியங்களின் கீழே எத்தனை ஆயிரம் முறை கையெழுத்துப் போட்டிருப்பேன் என்று எனக்குத் தெரியாது. அதில் விந்தையாக ஏதும் இருப்பதாக யாரும் நினைக்கவில்லை. கல்லூரிக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் முழுப் பதிவேடும் நகலாகவே கிடைத்தது.

அவர் கொண்டுவந்த முதல் பாடக்குறிப்பில் இடப்பக்கம் நிறைவாக இருந்தது. நீல மையில் முத்து முத்தான எழுத்து. வலப்பக்கம் வெறுமையாக இருந்தது.

"இது என்னம்மா, காலியா இருக்கு?" என்றேன்.

"பசங்க என்ன பண்ணுவாங்கன்னு எழுதறது தானே மேடம்?"

"ஆமா."

"அது இன்னும் நடக்கலையே மேடம்."

துறை அறையில் இருந்த நான்கு பெண்களும் சிரித்துவிட்டார்கள். அவர் கேலியாகச் சொல்லவில்லை. நான் விளக்குவேன் என்று எதிர்பார்த்து நின்றார். "எதிர்பார்க்கும் செயலை எழுதணும்மா" என்றேன். "எதிர்பார்க்கிறது எனக்கு மனசுல இருக்கு மேடம். எழுதிட்டா அப்புறம் நான் அதையேதான் பார்ப்பேன்" என்றார்.

அன்றிலிருந்து அவர் பெயர் 'இன்னும் நடக்கல அக்கா'. சத்திரம் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டு, "அக்கா, ஒன்னாம் நம்பர் பஸ் வருமாக்கா?" என்று கேட்பார்கள். "வந்தா ஏறிக்கலாம்டி" என்பார். "அக்கா, நாளைக்கு லீவு விடுவாங்களா?" "விட்டா தூங்கலாம்." சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார். ஆனால் வருகைப் பதிவேட்டில் காலை, மாலை இரண்டு கையெழுத்தையும் எல்லோரும் காலையிலேயே போட்டுவிட்டுப் போக, அவர் மட்டும் மாலை நாலரைக்கு மாடியேறி வந்து மாலைக் கையெழுத்தைப் போடுவார்.

ஒருமுறை கல்லூரி ஆண்டு விழாவின் அறிக்கையை எழுதும் வேலையை அவரிடம் கொடுத்திருந்தேன். வழக்கமாக விழாவுக்கு இரண்டு நாள் முன்பே எழுதி அச்சுக்கு அனுப்பிவிடுவோம். அவர் விழா முடிந்த மறுநாள் கொண்டுவந்து கொடுத்தார். அதில், "சிறப்பு விருந்தினர் வரவில்லை. அவருக்காக ஒன்றேகால் மணி நேரம் காத்திருந்தோம். கடைசி மூன்று வரிசைக்குச் சுண்டல் கிடைக்கவில்லை. நடனம் ஆடிய பிள்ளைகள் பசியோடு ஆடினர்" என்று இருந்தது. முதல்வர் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் உட்கார்ந்து வேறொன்று எழுதினேன். 'விழா இனிதே நடைபெற்றது' என்று முடித்தேன்.

அவருடைய வலப்பக்கக் கட்டத்துக்கு நான் ஒரு சமரசம் செய்தேன். வகுப்பு முடிந்ததும் பென்சிலால் எழுதிக்கொள்ளட்டும். கடைசியில் பேனாவால் முறைப்படி எழுதிவிட வேண்டும். சரி என்றார். பென்சிலின் வேலை அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக்கரைப் பக்கம் இருந்த ஒரு பள்ளியில் அவர்களைப் பயிற்சிக்குப் போட்டிருந்தோம். வாரத்தில் இரண்டு நாள் நான் மேற்பார்வைக்குப் போவேன். மணி அடித்ததும் அவர் ஆசிரியர் அறைக்கு வர மாட்டார். மாடிப்படியின் நான்காவது படியில் உட்கார்ந்து, கொண்டையிலிருந்து பென்சிலை உருவி, ஐந்து நிமிடம் எழுதுவார். யார் கூப்பிட்டாலும் நிமிர மாட்டார்.

எழுதியதை நான் படித்திருக்கிறேன். "பனிக்கட்டி ஏன் மிதக்கிறது என்று கேட்டேன். ஆறு பேர் கை தூக்கினர். அதில் நான்கு பேர் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துத் தூக்கினர்." "இருவர் தூங்கினர். பாடம் சாப்பாட்டு மணிக்குப் பிறகு. தவறு அவர்களுடையது அல்ல." "என் கேள்வி யாருக்கும் புரியவில்லை. திரும்பப் படித்தால் எனக்கும் புரியவில்லை." இப்படிப்பட்ட பதிவேட்டை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒழுங்கான ஆள் நான். எனக்கு அது பிடித்திருந்தது என்பதை அவரிடம் சொல்லியிருக்கலாம். "பென்சில் எழுத்து அழிஞ்சிடும், கவனம்" என்று மட்டும் சொன்னேன்.

இருபத்திரண்டாவது பாடக்குறிப்பின் வலப்பக்கம் மற்றவற்றைவிட நீளம்.

ஏழாம் வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் இருந்தாள். பேச மாட்டாள், எழுதுவாள். வகுப்பிலேயே சுத்தமான நோட்டு அவளுடையது. அந்த வகுப்பின் கரும்பலகையில் மேலிருந்து கீழாகச் சாய்வாக ஒரு விரிசல் ஓடியது. அவர் பலகையில் நான்கு வரி எழுதிப் போட்டுவிட்டு, வழக்கம்போல் பலகைக்கு முதுகைக் காட்டி பெஞ்சுகளுக்கு நடுவே நடந்திருக்கிறார். அந்தப் பெண்ணின் நோட்டில் நான்கு வரியும் பிசகில்லாமல் இருந்தன. ஒவ்வொரு வரியிலும் ஒரு சாய்ந்த கோடும் இருந்தது. முதல் வரியில் ஒரு சொல்லின் நடுவே, அடுத்த வரியில் சற்றுத் தள்ளி, அதற்கடுத்ததில் இன்னும் தள்ளி. விரிசலையும் சேர்த்து எழுதியிருந்தாள்.

"இவளுக்குப் படிக்கத் தெரியாது" என்று பென்சிலால் எழுதியிருந்தார். "எழுத்து எது, விரிசல் எது என்று தெரியாமல் இத்தனை வருடம் படம் வரைந்திருக்கிறாள். யாரும் திட்டாதபடி வரைந்திருக்கிறாள்."

அன்றைக்கே வகுப்பு ஆசிரியையிடம் போய்ச் சொன்னார். நானும் அந்த அறையில் இருந்தேன். அந்த அம்மாள் உத்தர வீதியில் இருந்து வருபவர். ஐம்பத்திரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு திண்டாடுபவர்.

"அவளா? அவ நோட்டுதான் கிளாஸ்லயே நம்பர் ஒன். நன்னா எழுதறாளே!"

"எழுதறா மேடம். படிக்கச் சொல்லிப் பாருங்க."

"பயிற்சிக்கு வந்து ரெண்டு மாசம் ஆகலை. எனக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிஞ்சுடுத்தாக்கும்?"

மறுநாளிலிருந்து அவர் சாப்பாட்டு மணியில் அந்தப் பெண்ணோடு நான்காவது படியில் உட்கார ஆரம்பித்தார். அதுவும் வலப்பக்கக் கட்டங்களில் வரும். ஓரத்தில், சிறிதாக: "இன்று மூன்று எழுத்து." "'ல' வந்தால் சிரிக்கிறாள். அவள் பெயரில் இருக்கிறது." "நேற்றுத் தெரிந்தது இன்று தெரியவில்லை." "தெரிகிறது." முப்பத்தொன்பதாவது பாடத்தின் ஓரத்தில்: "நாளன்றைக்கு எல்லோர் முன்னாலும் படிக்கிறேன் என்று அவளே சொன்னாள்."

நாளன்றைக்கு என்பது வெள்ளிக்கிழமை. நாற்பதாவது பாடம். பூவின் பாகங்கள்.

செய்முறைத் தேர்வுக் குழு திங்கட்கிழமை வருகிறது என்ற கடிதம் புதன்கிழமை மாலை கல்லூரிக்கு வந்தது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எல்லாப் பதிவேடுகளும் தன் மேசையில் இருக்க வேண்டும் என்றார் முதல்வர். நான் பட்டியல் எடுத்தேன். எல்லாம் தயார், ஒன்றைத் தவிர. பென்சிலில், அதுவும் தூங்கும் பிள்ளைகளோடு, ஒரு பதிவேட்டைக் குழுவின் முன் வைக்க முடியாது. வைத்தால் அவருடைய மதிப்பெண் போகும். கூடவே எங்கள் கல்லூரியின் பெயரும் போகும். ஒரு பாடக்குறிப்பைப் பேனாவால் முறைப்படி எழுத இருபது நிமிடம். நாற்பதுக்குப் பதின்மூன்று மணி இருபது நிமிடம். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் கல்லூரியிலேயே உட்கார்ந்தால் முடியும். என் கணக்குச் சரியாகவே இருந்தது.

வியாழன் காலை துறை அறையில் என் எதிரே உட்காரவைத்துப் புதிய பதிவேட்டைக் கொடுத்தேன். மாதிரிக்கு வேறொருவருடையதையும் வைத்தேன். அவர் பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தார். அன்று மாலைக்குள் இருபத்தொன்று முடித்தார். வெள்ளிக்கிழமை காலை வந்ததும் நின்றபடியே கேட்டார்.

"மேடம், மூணாவது பீரியட் மட்டும் போயிட்டு வந்துடறேன். ரெண்டு மணி நேரம்."

"இன்னும் பத்தொன்பது இருக்கேம்மா."

"அந்தப் பொண்ணு இன்னைக்குப் படிக்கிறேன்னு சொல்லியிருக்கா மேடம். நாலே நாலு வார்த்தை."

"அந்தப் பாடத்தை வேற ஒருத்தரை எடுக்கச் சொல்லிட்டேன். உங்க சர்டிபிகேட் முக்கியமா, இது முக்கியமா? வீட்டை நினைச்சுப் பாருங்க."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். இருபத்திரண்டாவது பாடத்தின் வலப்பக்கத்தில், "மாணவர்கள் அனைவரும் கரும்பலகையில் உள்ளதைப் பிழையின்றி எழுதுகின்றனர்" என்று எழுதினார். நான் கையெழுத்திட்டேன். மாலை நான்கு பத்துக்கு நாற்பதாவதற்கு வந்தார். இடப்பக்கத்தை எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டார்.

"என்னம்மா?"

"இது நடக்கவே இல்லையே மேடம். மத்ததாவது வேற மாதிரி நடந்தது. இது நடக்கலை. எப்படி எழுதறது?"

நான் சொன்னேன், அவர் எழுதினார். "மாணவர்கள் ஒவ்வொருவராக எழுந்து பூவின் பாகங்களைத் தெளிவாக வாசிக்கின்றனர்." நான் நிறுத்தி நிறுத்திச் சொல்ல வேண்டியிருந்தது, குழந்தைக்குச் சொல்வதுபோல.

அவருக்குப் பதிலாக அந்த வகுப்புக்குப் போன பெண் ஐந்து மணிக்கு வந்தாள். "அக்கா, அந்த மூணாவது பெஞ்ச் பொண்ணு ஒரு பை நிறைய செம்பருத்தி கொண்டாந்திருந்துச்சு. டீச்சர் வரலையா, டீச்சர் வரலையான்னு ரெண்டு தடவை கேட்டுச்சு. எல்லாப் பூவையும் என்கிட்டயே குடுத்துருச்சு" என்றாள். அவர், "படிச்சாளா?" என்று கேட்டார். "இல்லக்கா. நான் கேட்டேன், நோட்டை மூடி வெச்சுட்டு உக்காந்துருச்சு."

நாற்பதோடு பள்ளிப் பயிற்சி முடிந்தது. சனிக்கிழமை அவர் பழைய பதிவேட்டை என்னிடம் கொண்டுவந்தார்.

"இதை ஹெச்.எம். கிட்ட நீங்க குடுத்துடுங்க மேடம். இருபத்திரண்டுல இருந்து பார்த்தாப் போதும். நான் குடுத்தா டிரெய்னிங் டீச்சர்னு ஓரமா வெச்சிடுவாங்க. உங்க கையெழுத்தோட குடுத்தா கேப்பாங்க."

"திங்கட்கிழமை முடியட்டும்."

திங்கட்கிழமை வந்த தேர்வாளர் அவருடைய புதிய பதிவேட்டில் நான்கு பக்கம் புரட்டினார். "கையெழுத்து அழகா இருக்கே" என்று சொல்லி மூடிவைத்தார். மிக நல்ல மதிப்பெண்.

பழைய பதிவேட்டை நான் பழுப்பு உறையில் போட்டு, மேலே பள்ளியின் முகவரி எழுதி, என் அலமாரியின் இரண்டாம் தட்டில் 'அனுப்ப வேண்டியவை' என்ற அட்டைக்குக் கீழே வைத்தேன். மறந்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். நான் எதையும் மறப்பவள் அல்ல. அதைக் கொடுத்தால், ஒரே வகுப்புக்கு இரண்டு பதிவேடுகள் இருப்பது தெரிந்துவிடும். ஒன்றில் அந்தப் பெண்ணுக்குப் படிக்கத் தெரியாது. மற்றதில் எல்லோரும் தெளிவாக வாசிக்கிறார்கள். வாசித்ததற்குக் கீழே என் கையெழுத்து. அதனால் அது அங்கேயே இருந்தது. மதிப்பெண் பட்டியல் வாங்க வந்த அன்று, "குடுத்தாச்சா மேடம்?" என்று கேட்டார். "குடுத்துடறேம்மா" என்றேன்.

நான்கு வருடம் கழித்து கே.கே. நகரில் அதே தனியார் பள்ளிக்கு எங்கள் பயிற்சி மாணவர்களைப் பார்க்கப் போனேன். அவருக்கு அவருடைய இடம் கிடைத்திருந்தது. கொஞ்சம் பருத்திருந்தார். வற்புறுத்தி உட்காரவைத்து, காபி வரவழைத்து, பெரிய பெண் கல்லூரியில் சேர்ந்திருப்பதைச் சொன்னார். மணி அடித்தது. வகுப்பு முடிந்து வந்த ஆசிரியைகள் நாற்காலிகளில் சாய்ந்தார்கள். அவருக்கும் அந்த மணியில் வகுப்பு இல்லை. அடுத்த வாரத்துப் பாடக்குறிப்பு மேசையில் விரித்திருந்தது. இரண்டு கட்டமும் நீல மையில் நிரம்பியிருந்தன. நான் அதைப் பார்ப்பதைப் பார்த்தார்.

"இப்பல்லாம் முன்னாடியே எழுதிடறேன் மேடம். நீங்க அப்ப சொன்னதுதான் சரி. டைம் மிச்சம்."

அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். கொண்டையைப் பார்த்தேன், ஒரு கொத்து மல்லிகை மட்டும் இருந்தது.

வாசல்வரை வந்து வழியனுப்பினார். ஆட்டோ வந்து நின்ற பிறகு, ஏதோ ஞாபகம் வந்தவர்போல, "மேடம், அந்த நோட்டை ஹெச்.எம். கிட்ட குடுத்தீங்கல்ல?" என்றார்.

"குடுத்தேன்."

"என்ன சொன்னாங்க?"

"பார்த்துக்கறேன்னு சொன்னாங்க."

"நல்லது மேடம்" என்றார். முகம் ஒரு கணம் பழைய மாதிரி ஆனது. "அதுவாவது நடந்துதே. போயிட்டு வாங்க."

அதன் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

மறுநாள் காலை ஒன்பது நாற்பதுக்கு உறையை எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் போனேன். தலைமை ஆசிரியை புதியவர். வகுப்பு ஆசிரியை ஓய்வு பெற்றிருந்தார். எழுத்தர் பழைய பதிவேடுகளைத் தேடி அந்தப் பெண்ணின் பெயரைக் கண்டுபிடித்தார். "எட்டாவதோட டி.சி. வாங்கிட்டுப் போயிட்டாங்க மேடம். அப்பாவுக்கு வெளியூர்ல சூளை வேலையாம். எட்டாவது வரைக்கும் எல்லாத்துலயும் பாஸ்" என்றார். மாணவி கையெழுத்து என்று போட்டிருந்த இடத்தில் அவள் பெயர் முத்து முத்தாக இருந்தது. தலைமை ஆசிரியை உறையைப் பிரித்து, இரண்டு பக்கம் பார்த்து, என்னிடமே தந்தார். "இதை நான் வெச்சுக்கிட்டு என்ன மேடம் பண்றது?" கீழே வரும்போது ஏழாம் வகுப்பை எட்டிப் பார்த்தேன். விரிசல் விழுந்த பலகையை எடுத்துவிட்டுப் பச்சைப் பலகை மாட்டியிருந்தார்கள்.

நாற்பதாவது பாடத்தின் அந்த வெள்ளிக்கிழமைக்கான என் நாட்குறிப்பில் ஒரே வரிதான் இருக்கிறது: "பதிவேடு நிறைவு, நாற்பது / நாற்பது."

பழைய பதிவேடு இப்போது என் வீட்டில், தென்னூரில், நாட்குறிப்புகளோடு இருக்கிறது. பென்சில் எழுத்து மங்கிவருகிறது, நான் பயமுறுத்தியபடியே. நாற்பதாவது பக்கத்தின் இடப்பக்கம் மட்டும் மங்கவில்லை. அது மை. பூவின் நான்கு பாகங்கள், அதற்கான சீட்டுகள், செம்பருத்தி கொண்டுவருவது யார் என்பது எல்லாம் வரிசையாக இருக்கின்றன. கடைசி வரி இது: "அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாம். அவளாகக் கை தூக்கும்வரை காத்திருக்க வேண்டும்."

அதற்கு நேரே வலப்பக்கத்தில் ஒன்றும் இல்லை.